நாற்காலிக்காரர் சட்டை

மறதிக்கு டாக்டர் புது மாத்திரை கொடுத்த நான்காம் நாள், தையல்காரரான அப்பா காலி நாற்காலியோடு பேச ஆரம்பித்தார்.

"சட்டை இல்லாம வந்திருக்காரு, பாவம். மார்பு முப்பத்தாறு, எழுதிக்கோ."

அம்மா வழக்கம்போல அளவு நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்பாவின் கை எதையும் மறக்கவில்லை. மூன்றே நாளில் சட்டை தயார்.

"மாத்திரையோட பக்கவிளைவுதான், நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். நிறுத்தியதும் வந்தவரையும் சட்டையையும் அப்பா மறந்துவிட்டார். அது நாற்காலியின் முதுகில் தொங்கியது.

அப்பாவின் தொப்பைக்கு அது ஏறவே ஏறாது. மற்றபடி வீட்டில் அம்மாவும் மகளான நானும்தான். ஆனாலும் காலர் அழுக்காகியிருந்தது, முழங்கைகள் கசங்கியிருந்தன.

"நல்லாத்தான் தைச்சிருக்கீங்க. கழட்டவே மாட்டேங்கிறாரு" என்று அம்மா அப்பாவின் கன்னத்தைத் தட்டினாள். பிறகு துவைத்து, இஸ்திரி போட்டு, அதே நாற்காலியில் மாட்டினாள்.

இந்த மாதம் இது மூன்றாவது தடவை.