வெள்ளைத் திட்டு

"புள்ளி எங்கயும் போகலை. சுத்தி இருக்கற பல்லும் வெளுத்துட்டதால கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்" என்று சொல்லிப் பல் மருத்துவர் கைக்கண்ணாடியை நீட்டினார்.

லிஃப்ட் மெக்கானிக் ஈயென்று காட்டிப் பார்த்தான்.

பால்பல் விழுந்து முளைத்த நாளிலிருந்து அவன் முன்பற்களில் சாக்பீஸை உரசியது போல வெள்ளைத் திட்டுகள், தொட்டால் சொரசொரக்கும். எனாமல் சரியாக உருவாகாத குறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வேலை இடத்தில் அவனுக்குப் பெயரே சுண்ணாம்பு. சிரிப்பு வந்தால் இருமுகிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இரண்டு மாதமாக, பல்லை வெளுக்கும் மருந்து நிரப்பிய பிளாஸ்டிக் அச்சைத் தினமும் பல்லில் மாட்டினான். வீட்டில் பேச்சுக் குழறியபோதெல்லாம் பல்வலி என்று சமாளித்தான். முதல் வாரம் திட்டுகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. அப்புறம் மெல்ல மெல்ல அடங்கின.

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப என்ன திடீர்னு? கல்யாணமா?"

"அது ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு டாக்டர். நாளைக்கு ஒருத்தங்க என்னைப் பார்க்கப் போறாங்க."

வேலை விஷயம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் கண் மருத்துவமனையில் அவனையும் அவன் அண்ணனையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

நாற்காலியில் அவன் மனைவி. பத்து வயதில் காய்ச்சலில் பார்வை போனவள். கருவிழி மாற்றிய பிறகும் இதுவரை வெளிச்சமும் நிழலும்தான் தெரிந்தன. சற்று முன்புதான் மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டிருந்தார்கள்.

புருஷன் முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே உயரம், ஒரே உடல்வாகு. யாரும் பேசக்கூடாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அவள் முதலில் அண்ணனைப் பார்த்தாள். பிறகு இவனை. இவன் பல் மொத்தமும் தெரியச் சிரித்தான்.

அவள் பார்வை அந்தச் சிரிப்பில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவனைத் தாண்டி வாசலுக்குப் போனது.

"அவர் வரலையா?"

அவன் ஓரடி முன்னால் வந்தான்.

"நான்தாம்மா."

குரல் வந்த வாயையே அவள் உற்றுப் பார்த்தாள்.

"பல்லுல வெள்ளைத் திட்டு இருக்கும்னு கல்யாணத்தன்னிக்கே உங்க அண்ணி சொன்னாங்களே. யாரும் சொல்லாமலே அதை வச்சு உங்களைக் கண்டுபிடிச்சிடணும்னு இருந்தேன்."

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கை நீட்டி அவனைக் கிட்டே இழுத்து, மேலுதட்டை விலக்கி, முன்பல்லை விரல் நுனியால் தடவினாள்.

ஒன்பது வருஷமாக அவள் விரலுக்குத் தெரிந்த சொரசொரப்பு அப்படியே இருந்தது.

"நீங்கதான்" என்றாள்.