கால் சுற்று

"ஏங்க, எங்க அண்ணன் டிராக்டருக்கு அடியில உங்களுக்கு என்ன வேலை?"

வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களும் அப்படியே உறைந்தன. அந்தச் செருப்பைப் போன மாதம் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். ஆள் வேறு யாரோ என்று மனதைத் தேற்றிக்கொள்ள வழியில்லை.

"கத்தாதே. யாராவது வர்றாங்களான்னு பாரு" என்றான் கணவன் அடியிலிருந்து.

யாரும் வரவில்லை. பழைய டிராக்டர் போட்டிக்கு வந்த கூட்டம் மொத்தமும் மைதானத்தின் மறுகோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தார்ப்பாய்க் கொட்டகைக்குள் அண்ணனின் வண்டி மட்டும் தன் முறைக்காகக் காத்திருந்தது. அதன் முன் சக்கரத்துக்கு நேராக, வாசலிலிருந்தே சுண்ணாம்புக் கோடு தொடங்கியது. நூறு மீட்டர். சக்கரம் கோட்டை விட்டு இறங்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் போட்டி.

கணவன் முதுகைத் தேய்த்தபடி வெளியே வந்து, பக்கத்தில் கிடந்த கருவிப் பையை எடுக்கக் கை நீட்டினான். அவள் முந்திக்கொண்டாள். உள்ளே ஸ்பானர்களுக்கு நடுவில் அழுக்கு அப்பிய இரண்டு இரும்புத் துண்டுகள்.

பதினைந்து வருடம் மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பால் ஜாயின்ட். நம் தோள்மூட்டு மாதிரிதான். ஒரு கிண்ணம், அதற்குள் ஓர் உருண்டை. ஸ்டீரிங்கைத் திருப்பினால் அந்தச் சேதியைக் கம்பியிலிருந்து முன் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது அதுதான். அது இல்லையென்றால் சக்கரம் ஒரு பக்கம், ஸ்டீரிங் ஒரு பக்கம்.

அவள் இரண்டையும் வெளியே எடுத்தபோது, கிண்ணத்துக்குள் உருண்டை கடகடவென்று ஆடியது.

"இதைப் போய்க் கழட்டிட்டீங்களா?"

"குடு இங்கே."

"ஒரு போர்டுக்காக எங்க அண்ணனைக் கொல்லப் பாக்கறீங்களா?"

நான்கு வருடமாக அண்ணன்தான் முதல். அந்த லொடலொட வண்டியை வைத்துக்கொண்டு, முன் சக்கரங்கள் வாத்து மாதிரி ஆட ஆட, கோட்டை விட்டு இம்மி நகராமல் போய்ச் சேருவான். இன்று காலை எல்லோர் முன்னாலும் சொன்னான்: "மாப்பிள்ளை, இந்தத் தடவையும் நான் ஜெயிச்சா, உங்க பட்டறை போர்டுல மெக்கானிக்கைச் சுரண்டிட்டு டீக்கடைன்னு எழுதிடணும்." ரோஷத்தில் இவனும் தலையாட்டிவிட்டான். இவன் வண்டி இரண்டு இடத்தில் கோட்டை விட்டு இறங்கியது அதற்குப் பிறகுதான்.

"உங்க அண்ணன் மேல ஒரு கீறல் விழாது. அது என் பொறுப்பு. நீ வாயைத் திறக்காம இரு."

வாசலில் செருமல் கேட்டது. அண்ணன் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தான். அவள் இரும்புத் துண்டுகளை முந்தானைக்குள் மறைத்தாள்.

"அண்ணா, ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாத்துடேன்."

"எதைப் பாக்க? இருபது வருஷமா இவளோட இருக்கேன், தங்கச்சி." அண்ணன் சிரித்தபடி இருக்கையில் ஏறினான். "ஸ்டீரிங்கைக் கால் சுற்று திருப்பற வரைக்கும் இவ காதுல ஒண்ணும் விழாது. உங்க அண்ணி மாதிரி! அதைத் தாண்டினாத்தான் என்னன்னு கேப்பா. அது என் கைக்குத் தெரியும். வேற எவன் ஏறினாலும் நேரா சமையல் பந்தல்தான்." கணவனைப் பார்த்துக் கண்ணடித்தான். "என்ன மாப்பிள்ளை, முகம் ஏன் இப்படி வேர்க்குது?"

கணவன் கைகளை முதுகுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டான்.

சொன்னால் கணவனின் மானம் போகும், இரண்டு வீட்டுக்கும் இனிப் பேச்சு இருக்காது. சொல்லாவிட்டால் அண்ணன். அவள் ஒரு கணம்தான் யோசித்தாள்.

"அண்ணா, இறங்கு!"

என்ஜின் உறுமலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. டிராக்டர் வெளியே போய்விட்டது. பின்னாலேயே ஓடினாள். ஐந்து மீட்டர். பத்து மீட்டர். சக்கரம் கழன்று ஓடவில்லை. கூட்டம் கை கழுவாமல் எழுந்து வந்து விசிலடித்தது.

சின்ன மேடு ஒன்று வந்தது. அண்ணன் வழக்கம்போல் அலட்சியமாக ஸ்டீரிங்கை வலப்பக்கம் ஒரு வீசு வீசினான். வண்டி வெடுக்கென்று வலப்பக்கம் பாய்ந்தது. பதறிப்போய் இடப்பக்கம் வீசினான். இடப்பக்கம் பாய்ந்தது. மறுபடி வலம், மறுபடி இடம். கோடு எங்கேயோ, வண்டி எங்கேயோ. கடைசியில் ஓரத்திலிருந்த வைக்கோல் கட்டுகளில் மூக்கைச் செருகி நின்றது.

"அண்ணா!"

அண்ணன் குதித்து இறங்கினான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். அது இம்மியும் ஆடவில்லை. நம்பாமல் மறுபடியும் ஆட்டினான். மண்டியிட்டு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தான்.

எழுந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது.

"எவன்டா என் வண்டியைச் சரி பண்ணினது?"