டிராக்டரில் பாவாயியின் குரல்

கொல்லிமலைச் சரிவுகளில் டிராக்டர் ஓட்டியவர்கள், வண்டி சாய்ந்தால் அடிக்கும் எச்சரிக்கை மணியைச் சட்டை செய்யவில்லை. அதனால் புதிய சாய்வுமானி, ஓட்டுபவர் யார் சொன்னால் கேட்பாரோ, அதைத் தானே கண்டறிந்து அவர் குரலிலேயே பேசியது.

அதைச் சோதிக்கும் வேலை தமயந்திக்கு. முதலில் கணவன் செங்கோடனின் வண்டியில் பொருத்தினாள். வண்டி சாய்ந்ததும், "மாமா, நிறுத்துங்க" என்றது ஒரு பெண்குரல். உடனே நிறுத்தினான்.

"யாரு அது?"

"பாவாயி" என்றான். இறந்துபோன முதல் மனைவி.

தமயந்திக்கு வயிறு எரிந்தது. மறுநாள் சாய்வுமானியில் தன் குரலை ஏற்றினாள்.

சரிவில் வண்டி சாய்ந்தபோது அவள் குரல் கத்தியது. "இரு, இரு" என்றபடி அவன் ஓட்டிக்கொண்டே போனான். மேட்டுப்பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. கீழே நின்றவள் பதறிப்போய், கைபேசியில் பழைய குரலுக்கு மாற்றினாள். வண்டி நின்றது.

இறங்கி வந்தவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வண்டியில அவ பேச்சைக் கேளுங்க. வீட்டுக்கு வந்தா எம்பேச்சைத்தான் கேக்கணும்."