முதல் மிடறு

கணவர் கோப்பையை உதட்டருகே கொண்டுபோவதற்குள் மூத்தவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். மூக்கை உள்ளே நுழைத்தாள். கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒரு மிடறு குடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருக்கா. இலை வெந்துபோச்சு. பூ வாசனையையும் சேர்த்துக் கொன்னுட்டா.”

அவர் ஒரு வாய் குடித்தார். “ஆமாம்மா, வெந்துதான் போச்சு” என்றார்.

இளையவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அவளுடைய கணவனின் அண்ணன். டீ கம்பெனியில் தலைமை டேஸ்டர். அவர் தலையசைத்தால், வீட்டிலேயே பூவேற்றி அவள் தயாரிக்கும் மல்லிகை டீயைக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் டப்பாக்களை ஏறக்கட்டிவிட்டு, மறுபடியும் மாத்திரை அட்டைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கே போவதாகக் கணவனிடம் ஒத்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் பறித்த மொட்டுகளை இலையோடு அடுக்கி மூட வேண்டும். ராத்திரி அவை விரிந்து இலைக்கு மணம் ஏறும். காலையில் பூவைச் சலித்து எறிந்துவிட்டு, மாலையில் மறுபடி புது மொட்டு. இத்தனை பாடும் இவள் மூக்கை நுழைப்பதற்குத்தானா?

எங்கே போனாலும் இதே கதைதான். ஹோட்டலில்கூட அவர் தட்டிலிருந்து முதல் வாய் இவளுக்குத்தான். ஊருக்கெல்லாம் ருசி சொல்கிற மனிதருக்குப் பெண்டாட்டி சொல்வதைத் திருப்பிச் சொல்லவே நேரம் சரியாக இருந்தது.

“இன்னொரு தடவை போடறேன் மாமா. தண்ணியை ஆறவிட்டு ஊத்தறேன்” என்றாள் இளையவள். மூத்தவள் போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். இளையவள் டப்பா எடுக்க உள்ளறைக்குப் போனாள்.

“பால் அடிப்பிடிக்குது! அங்க யாருமே இல்லையா?”

கூடத்திலிருந்து மூத்தவள் கத்தினாள். இளையவள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். சமையலறை முழுக்கத் தீய்ந்த நாற்றம். அடுப்புக்கு முதுகைக் காட்டி மேசையில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

“என்னம்மா, என்ன ஆச்சு?”

நல்ல ஜோடி என்று நினைத்துக்கொண்டாள். ஒன்று எதற்கெடுத்தாலும் மூக்கை நுழைக்கும். இன்னொன்று வீடே எரிந்தாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டும்.

இந்த முறை நிதானமாகச் செய்தாள். ஒரே மாதிரி இரண்டு வெள்ளைக் கூஜாக்கள். ஒன்றில் மல்லிகை டீ. மூடி உடைந்த இன்னொன்றில் பூவே காட்டாத வெறும் இலை. எவ்வளவு மணம் ஏறியிருக்கிறது என்று ஒப்பிட, டேஸ்டர்கள் அதையும் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். ஊறும்வரை காத்திருந்துவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, பால்கனித் தொட்டியில மொட்டு பறிக்கிற பதத்துல இருக்கா, கொஞ்சம் பாருங்களேன்.”

“பார்க்கறேன். நான் வர்றதுக்குள்ள அவருக்கு ஊத்திடாதே.”

“சரிக்கா” என்றாள். மகாராணி முதலில் குடிக்காவிட்டால் விஷமாகிவிடுமாக்கும்!

பால்கனிக் கதவுச் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாகக் கூஜாவை எடுத்து ஊற்றினாள். கோப்பையை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் வாசலைப் பார்த்தார். “அவளும் வந்துடட்டுமே.”

“உங்க நாக்குக்கு அக்கா எதுக்கு மாமா? நீங்களே சொல்லுங்க.”

தயங்கித் தயங்கிக் குடித்தார். கண்ணை மூடினார். “அடடா! மல்லிகை சும்மா தூக்குது. அன்னன்னைக்குப் பறிச்ச பூ, இல்லையா? இதை எடுத்துக்கலாம்மா.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தானும் ஒரு வாய் குடிக்கலாம் என்று கூஜாவில் மிச்சமிருந்ததை ஊற்றி மூக்கருகே கொண்டுபோனாள்.

பச்சை இலை மணந்தது. பூ இல்லை. கூஜாவைத் திருப்பிப் பார்த்தாள். உடைந்த மூடி.

இவ்வளவுதானா இந்தப் பெரிய மனிதர்? பூ என்று சொல்லிக் கொடுத்தால் வைக்கோல் கஷாயத்திலும் மல்லிகையைக் கண்டுபிடிப்பார் போலிருக்கிறது. இந்த ஆளின் தலையசைப்புக்காகவா இத்தனை நாள் தவம் கிடந்தோம்? பெண்டாட்டி வரட்டும். அவள் முன்னால் போட்டு உடைத்தால்தான் மனசு ஆறும்.

அவளும் வந்தாள், கையில் நாலைந்து மொட்டுகளோடு.

“அக்கா, ஒரு வேடிக்கையைக் கேளுங்க. மாமா இப்ப குடிச்சாரே, அதுல...”

மூத்தவள் கணவரைப் பார்த்தாள். அவர் புன்னகையோடு காலிக் கோப்பையை இன்னும் முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு இளையவளின் கோப்பையை முகர்ந்துவிட்டு, உடைந்த மூடியைப் பார்த்தாள். சட்டென்று இளையவளின் கையைப் பிடித்து அடுப்போரம் இழுத்துப் போனாள். மொட்டுகள் தரையில் சிதறின.

மற்ற கூஜாவிலிருந்து தானே ஊற்றி, முகர்ந்து, ஒரு மிடறு குடித்தாள். அதை வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினாள்.

“நல்லாவே வந்திருக்கு. எடுத்துக்கச் சொல்றேன்” என்றாள். பிடித்த கையை விடவில்லை. அந்த அதட்டல் குரல் எங்கோ போயிருந்தது.

“வெளியில மட்டும் சொல்லிடாதேம்மா. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் அவருக்கு மூக்கு நான்தான்.”