டோக்கன் இல்லாத ஆள்

தலையில் இருந்த கல் இருபது கிலோ இருக்கும். அவனுக்கு நாற்பதாகத் தெரிந்தது.

பதினோராவது நடை.

இதுவரை யாரும் அவனை, நீ யார் என்று கேட்கவில்லை. முதல் நடையில் அது சந்தோஷமாக இருந்தது.

அதற்காகத்தானே வந்தான். பம்ப் கம்பெனிக்கு எந்த கேட்டில் எத்தனை காவலாள், எங்கே கேமரா, எங்கே விளக்கு என்று திட்டம் எழுதித் தருகிற வேலை. எவனும் எழுதித் தருவான். வெளியாள் உள்ளே புகுந்து வரலாம் என்று புகுந்தே காட்டினால்தான் முதலாளி அசருவார்.

பேன்ட், ஷூ, போன், விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் காரில் வைத்துப் பூட்டினான். சாவியை டயருக்கு அடியில் ஒளித்தான். அழுக்கு லுங்கி, கிழிந்த பனியன், தோளில் துண்டு. பின்மதிலில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. குனிந்து நுழைந்தான்.

நிமிர்வதற்குள் மேஸ்திரி பார்த்துவிட்டார். உள்ளே புது ஷெட் கட்டுகிறார்கள்.

"வர்ற நேரமாடா இது? லாரி வந்து எத்தன நேரமாச்சு! போ, போயி கல்லத் தூக்கு."

நல்ல ஆதாரம் என்று நினைத்தான். இரண்டு நடை தூக்கிவிட்டு நழுவிவிடலாம்.

நழுவ விட்டால்தானே. முன்னால் ஆள், பின்னால் ஆள். சுமை வரிசையில் ஒருவன் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேர் கழுத்தும் நிற்கும். நான்காவது நடையில் அவன் மூச்சு வாங்க நின்றான். பின்னால் வந்தவள் மயிலாத்தாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆறாவது நடையில் அவளே இரக்கப்பட்டாள். அவன் துண்டை உருவி, முறுக்கிச் சுற்றி, சும்மாடாக்கித் தலையில் வைத்து அழுத்தினாள்.

"எந்தூர்ல சாமி சும்மாடு இல்லாமத் தூக்கறாங்க?"

சிரித்து வைத்தான். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

மூன்றே காலுக்கு லாரி காலியானது.

நான்கு மணிக்கு முதலாளியைப் பார்க்க வேண்டும். இந்த வேலை கிடைக்காவிட்டால் தன் செக்யூரிட்டி ஏஜென்சியைப் பூட்டிவிட்டு மாமனாரின் மளிகைக் கடையில் உட்காருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான். மாமனார் அவனுக்காக ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார்.

காருக்குப் போகப் பத்து நிமிஷம். முகம் கழுவி உடுத்தப் பத்து நிமிஷம். போதும்.

பின்மதிலுக்கு நடந்தான்.

ஓட்டையைக் காணோம்.

கல் இருந்தது. மதிலை ஒட்டி, கழுத்து உயரத்துக்கு, மூன்று வரிசை.

சுமை தூக்குகிறவன் காலடியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. போடச் சொன்ன இடத்தில் போட்டிருந்தான், அவ்வளவுதான்.

திட்டத்தின் முதல் வரி அவனுக்கு நினைவு வந்தது. பின்மதில் ஓட்டையை உடனே அடைக்க வேண்டும்.

அடைத்தாயிற்று.

கல் மேல் ஏறிக் குதிக்கலாம் என்றால் மதில் நெடுகக் கண்ணாடிச் சில்லு. அதைப் பாராட்டி எழுதியிருந்தான்.

வேறு வழியில்லை. முன்கேட்டுக்குப் போனான்.

அங்கே சென்னியப்பன். அறுபதைத் தாண்டிய காவலாளி. இரண்டு நாள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அவரைக் கவனித்து அவன் எழுதியது: உள்ளே வருகிறவர்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பாதி நேரம் தூக்கம். நீக்க வேண்டும்.

இப்போது நன்றாக விழித்திருந்தார்.

உள்ளே எவன் வந்தால் அவருக்கென்ன? பம்ப் மோட்டாருக்குச் சுற்றுகிற செம்புக் கம்பி வெளியே போகக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த அன்று அவருக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

மடியைத் தடவினார். கக்கத்தைத் தடவினார். வாயைத் திறக்கச் சொன்னார். சும்மாட்டை எடுத்து உதறிப் பார்த்து, திரும்பச் சுற்றி அவன் தலையிலேயே வைத்தார். ஒன்றும் இல்லை. கையை நீட்டினார்.

"டோக்கன்."

"இல்லீங்க."

"காத்தால குடுத்தேனில்ல?"

"எனக்குக் குடுக்கலீங்க."

"அப்பறம் எப்பிட்றா உள்ள வந்தே?"

அவன் பின்மதில் பக்கம் கை காட்டினான். சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். கல் அடுக்கு வெயிலில் புதுசாக நின்றது.

"அதுக்குள்ள பூந்தா?"

அவன் தோல் உரிந்த உள்ளங்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"உக்காரு. ஆறு மணிக்கு மேஸ்திரி வந்து, என்ற ஆளுதான்னு சொல்லட்டும். உடறேன்."

"அவசரமுங்க."

"டோக்கனத் தொலச்சவனுக்கு எல்லாம் அவசரந்தான்."

கேட்டின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தான். மாடியில் முதலாளியின் அறை ஜன்னல் தெரிந்தது. வெயிலுக்குத் திரை போட்டிருந்தார்கள். 

நான்கு அடித்தது.

காவலறையில் போன் ஒலித்தது. சென்னியப்பன் தொப்பியைச் சரி செய்துகொண்டு எடுத்தார்.

"சொல்லுங்க சார்... செக்யூரிட்டி பிளான் போடறவருங்களா? இன்னும் வர்லீங்க சார். நானு கேட்ட உட்டு நகரவே இல்லீங்களே."

அவன் துள்ளி எழுந்தான்.

"நான்தானுங்க அது!"

சென்னியப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். அவனைக் காலிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்தார். பார்வை தலையில் வந்து நின்றது.

சும்மாடு அங்கேயே இருந்தது.

போனை வைத்துவிட்டு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் கல் தூக்கினவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"குடிச்சுப்போட்டு அக்கட்டால தள்ளி உக்காருப்பா. அவரு கார்ல வருவாரு. வழி வேணும்."

குடித்தான். தள்ளி உட்கார்ந்தான்.

சென்னியப்பன் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவனும் ரோட்டைப் பார்த்தான்.