முன்மொழிந்தவர்

“சட்டையில மெடல் குத்திக்கிட்டு வந்திருக்காரு சார். இதுவும் பிரசாரந்தானே?” என்றார் அமிர்தலிங்கம்.

ஒன்றிய அலுவலகத்தில் ஊராட்சித் தலைவர் பதவிக்கான வேட்புமனு பரிசீலனை. வந்திருந்தவை இரண்டே மனுக்கள். ஒன்று அமிர்தலிங்கத்துடையது. மற்றது, எல்லையில் நாலு பேரைக் காப்பாற்றி சௌர்ய சக்ரா வாங்கி, ஊர் திரும்பி ரைஸ்மில் வைத்த சுபேதார் துரைராசுவுடையது. ஒன்று தள்ளுபடியானால் மற்றவர் போட்டியில்லாமல் தலைவர்.

துரைராசு மெடலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். தோட்டாவுக்கே அசராத மனிதர், இதற்கா அசரப் போகிறார்?

அவர் தேர்தலில் இறங்கியதே வடிகாலுக்காகத்தான். அமிர்தலிங்கத்தின் செங்கல் சூளை அதை அடைத்ததிலிருந்து இரண்டு வருடமாக ஊரே தாளடிப் பயிரைத் தண்ணீரில் அழுகக் கொடுத்துக்கொண்டிருந்தது. மனு மேல் மனு எழுதிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நடக்கும் என்று புரிந்துபோயிற்று.

“இவரு மில்லுக்குப் பஞ்சாயத்து காண்ட்ராக்ட் இருக்கு சார். நிக்கவே கூடாது.”

“போன வருஷமே விட்டாச்சுங்க,” என்று ரத்துக் கடிதத்தை நீட்டினார் துரைராசு. தேர்தல் அதிகாரி படித்துவிட்டுத் தலையாட்டினார்.

“அப்ப முன்மொழிஞ்சவங்க கையெழுத்துல சந்தேகம் இருக்கு சார். அது பொய்னா மனுவே செல்லாது.”

துரைராசு வாய்விட்டுச் சிரித்தார். முன்மொழிந்தது அவர் மனைவி விஜயலட்சுமி. வாசலோர பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள் காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தவளை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, தன் கண் முன்னாலேயே போடவைத்த கையெழுத்து அது.

“சார், கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். நான் விரல் வச்ச எடத்துல கையெழுத்துப் போடுவா. மில்லு லோனுக்குப் போட்டா. அவ அப்பா எழுதி வச்ச எட்டு மா நெலத்த நான் வித்தப்பவும் பத்திர ஆபீஸ்ல நின்னு போட்டா. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. இந்த மனுவுக்குத்தான் அதிசயமா, எதுக்குங்கன்னு கேட்டா. போடு, அப்புறம் சொல்றேன்னேன். போட்டுட்டா!”

சொல்லும்போதே அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அமிர்தலிங்கம் மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கும் அவங்களையே கேட்டுடறேன். அம்மா, கொஞ்சம் வாங்க,” என்றார் அதிகாரி.

விஜயலட்சுமி எழுந்து வந்தாள்.

“பயப்படாத. சும்மா ஃபார்மாலிட்டி. ஆமான்னு சொல்லிட்டுப் போ,” என்றார் துரைராசு.

அதிகாரி மனுவை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தாள். அவள் ஒரு காகிதத்தை இப்படிப் படித்து துரைராசு பார்த்ததே இல்லை.

“சீக்கிரம் சொல்லு விஜயா.”

அவள் கணவரை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் திரும்பினாள்.

“இது என் கையெழுத்து இல்லீங்க.”