தாய்க்கிணறு

அறுபத்திரண்டு குழிகள். வரைபடத்தில் சர்வேயரான அவனே வைத்த புள்ளிகள்.

கர்னல் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். மலையடியில் தொடங்கி ஊர் வரைக்கும்.

"மொத்தத்தையும் மண்ணத் தள்ளி மூடிருவோம். தண்ணி நின்னா ஊர் காலி. ஊர் காலியானா மலையில ஒளிஞ்சிருக்கிறவனுக்கு ரொட்டி கிடையாது."

போன வாரம் செவ்வாய்க்கிழமை அந்தக் குழிகளில் ஒன்றுக்குள்ளிருந்துதான் சுட்டார்கள். இரண்டு சிப்பாய்கள் செத்தார்கள். ஒருவனுடைய அப்பா இன்னமும் தினம் கர்னலுக்குப் போன் செய்கிறார்.

கேப்டன் தானிஷ் விடவில்லை. "ஊரைக் கலைச்சா பாதிப் பேர் மலைக்குத்தான் சார் போவாங்க. நாமளே அவங்களுக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்த மாதிரி."

"நீ காலேஜ்ல பாடம் எடுக்கப் போயிருக்கணும்."

"கேட்டுப் பாத்தேன் சார். இடம் காலி இல்லன்னுட்டாங்க."

கர்னலுக்கே சிரிப்பு வந்தது.

தானிஷ் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு புல்டோசர். அறுபத்திரண்டு குழி. நாலு நாளாவது ஆகும். நாலு நாளும் நம்ம பசங்க அந்த வெட்டவெளியில காவல் நிக்கணும். இன்னும் எத்தனை அப்பாவுக்கு சார் பதில் சொல்லுவீங்க?"

கர்னல் பென்சிலைக் கீழே வைத்தார்.

சுவரோரம் நின்றிருந்த அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவன் நீர்வளத் துறை சர்வேயர். பலூச் இனத்தவன். வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லித்தான் முகாமுக்கு அழைத்திருந்தார்கள். அந்த ஊர் அவனுடையது இல்லை. ஆனால் அந்தக் குழிகளுக்கு அடியில் ஊருக்கு நீர் கொண்டுவரும் சுரங்கத்தில் பன்னிரண்டு வருடமாக ஊர்ந்து ஊர்ந்து அளந்திருக்கிறான்.

ஊர் தப்பித்தது.

டீ வந்தது. கர்னல் அவனையும் உட்காரச் சொன்னார். சும்மா இருக்க வேண்டாமே என்று கேட்டார்.

"ஒரு சந்தேகம். கருவி எதுவும் இல்லாத காலத்துல, பூமிக்கடியில ரெண்டு மைல் எப்படி நேரா தோண்டினாங்க?"

இத்தனை வருடத்தில் யாரும் இதை அவனிடம் கேட்டதில்லை. வீட்டில் வாயைத் திறக்க முடியாது. உங்ககிட்டத் தண்ணி கேட்டா கிணறு வெட்டிக் காட்டுவீங்க என்பாள் மனைவி.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

தோண்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு விளக்கு தொங்கும். திரும்பிப் பார்ப்பான். ஒரு விளக்கு இன்னொன்றை மறைத்தால் சுரங்கம் நேராகப் போகிறது. இரண்டும் தெரிந்தால் கோணல்.

ஆயிரம் அடிக்கு ஓரடி சரிவு. கூடினால் தண்ணீர் மண்ணை அரிக்கும். குறைந்தால் நகராது. டீயைச் சாஸரில் ஊற்றிச் சாய்த்துக் காட்டினான்.

குழிகள் மண்ணை மேலே தூக்க. தோண்டுகிறவனுக்குக் காற்று வர. அவற்றில் நீர் ஊறாது. மலையடியில் தொண்ணூறு அடி ஆழத்தில் ஒரு கிணறு இருக்கிறது. தாய்க்கிணறு. சுரங்கம் அங்கே போய்த்தான் ஊற்றைத் தொடுகிறது.

கர்னல் குனிந்து சாஸரைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

"அப்ப மீதி அறுபத்தொண்ணு?"

"வெறும் ஓட்டை சாப்," என்றான் பெருமையாக. "எல்லாம் அந்த ஒண்ணுலதான்…"

நிறுத்தினான்.

தானிஷ் தன் டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

கர்னல் பென்சிலை எடுத்தார். மலையடிப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம்.

"ஒரு மணி நேர வேலை. வெள்ளிக்கிழமை காலையில." பிறகு அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையா சொன்னீங்க. நிஜமாவே."

நிஜமாகவேதான் சொன்னார்.

வாசலில் தானிஷ் அவன் ஏறிய ஜீப்பின் கதவைச் சாத்திவிட்டான். "சர்வேயர் சாப், இங்க பேசினது இங்கயே இருக்கட்டும். உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு."

நகரத்துக்குப் போகிற பாதை அந்த ஊர் வழியாகத்தான்.

சுரங்கம் முடிந்து நீர் வெளிச்சத்துக்கு வருகிற இடம். ஒரு மல்பெரி மரம். வயல்களுக்கு முறை வைத்து நீர் பிரிக்கிற ரஹ்ம்தில் அங்கே உட்கார்ந்திருந்தான். கையை உயர்த்தினான். நிற்காமல் போக முடியாது.

அவன் இறங்கிப் போய் உட்கார்ந்தான். கால்களை நீரில் விட்டான்.

"ஹால் சொல்லுங்க வாஜா," என்றான் ரஹ்ம்தில், மரியாதையாக.

பலூச் மண்ணில் பயணம் வந்தவனிடம் முதலில் கேட்பது அதைத்தான். புறப்பட்ட நேரத்திலிருந்து பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். எதையும் விடக் கூடாது. கேட்கிறவன் குறுக்கே பேச மாட்டான்.

சொன்னான். விடிந்ததும் கிளம்பியது. பாலத்துக்கு முன்னால் புதிதாக வந்திருக்கும் சோதனைச் சாவடி. முகாம் வாசலில் காத்திருந்தது. கர்னல் கொடுத்த டீ. சர்க்கரை போதவில்லை.

"அதான் மூஞ்சி இப்படி இருக்கா?" ரஹ்ம்திலுக்குப் பொறுக்கவில்லை.

மேசையில் வரைபடத்தை விரித்ததைச் சொன்னான்.

அதோடு நின்றான்.

நீர் கால்விரல்களுக்கு இடையே போய்க்கொண்டிருந்தது. குளிர்ந்து, அவசரமில்லாமல், ஆயிரம் அடிக்கு ஓரடி.

ரஹ்ம்தில் காத்திருந்தான். ஹால் பாதியில் நிற்பதை அவன் பார்த்ததே இல்லை.

"அப்புறம்?"

"உங்க வீட்டுல தண்ணி பிடிக்கிற தோல்பை எத்தனை இருக்கு?"

ரஹ்ம்தில் வாய்விட்டுச் சிரித்தான். "ஓடுற தண்ணி பக்கத்துலயே இருக்கு. எவன் பிடிச்சு வைப்பான்? மூணு கிடக்கு. அதுலயும் ஒண்ணு கிழிஞ்சது."

அவன் நீரிலிருந்து காலை எடுத்தான்.

"போதாது," என்றான்.